வால்டர் பிரென்னன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஹாலிவுட் வெஸ்டர்ன் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், ஜான் வெய்ன், கேரி கூப்பர் பெயர்கள் முடிந்த கையோடு "அந்தப் பொக்கைவாய்க் கிழவர் யாருங்க?" என்ற கேள்வி வந்துவிடும். அவரைப் பற்றித் திரும்பத் திரும்ப என்னிடம் வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்களில் படத்தின் முடிவையும் சொல்ல வேண்டியிருக்கிறது. படம் பார்த்துவிட்டுப் படிக்க நினைப்பவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

வால்டர் பிரென்னன் யாரு? பேரே கேள்விப்பட்டதில்லையே.

அமெரிக்கக் குணச்சித்திர நடிகர். 1894 ஜூலை 25 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரில், ஐரிஷ் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். 1974 செப்டம்பரில் கலிபோர்னியாவில் 80 வயதில் காலமானார். ஊமைப்படக் காலத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்க ஆரம்பித்தவர், பேசும்படம் வந்து, வண்ணப்படம் வந்து, டிவி வந்த பிறகும் வேலையில் இருந்தார்.

பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரிந்திருக்கும். 'ரியோ பிராவோ' படத்தில் சிறைக்குள் துப்பாக்கியோடு காவல் உட்கார்ந்து, நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருக்கும் கால் விந்திய கிழவர் ஸ்டம்பி இவர்தான். சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கரை மூன்று முறை வாங்கியவர். அந்தப் பிரிவில் மூன்று முறை வென்றவர் இதுவரை இவர் ஒருவரே.

சினிமாவுக்கு எப்படி வந்தார்? நாடகக்காரரா?

பெரிய நாடகப் பின்னணி எதுவும் கிடையாது. படித்தது தொழில்நுட்பப் பள்ளியில். வங்கியில் எழுத்தராகவும், மரம் வெட்டும் இடத்திலும் வேலை பார்த்திருக்கிறார். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் சேர்ந்து பிரான்சுக்குப் போய் வந்தார். போர் முடிந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தபோது அங்கே நிலம் வாங்கி விற்கும் தொழில் கொடிகட்டிப் பறந்தது. இவரும் இறங்கினார், சம்பாதித்தார். 1925 வாக்கில் மனை விலை சரிந்ததும் சம்பாதித்ததெல்லாம் போய்விட்டது.

மனைவி, குழந்தைகளோடு நின்றவருக்குக் கண்ணெதிரே இருந்த கூலி வேலை சினிமா எக்ஸ்ட்ரா வேலைதான். கலைத்தாகம் என்றெல்லாம் கதை கட்ட இடமில்லை. வீட்டு வாடகைக்காக ஸ்டுடியோ வாசலுக்குப் போனவர் அவர்.

எக்ஸ்ட்ரான்னா அந்தக் காலத்துல என்ன மாதிரி வேலை?

நாள் கூலி. காலையில் கூப்பிட்டால் போக வேண்டும், கூப்பிடாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. 1920களின் நடுவில் ஒவ்வொரு ஸ்டுடியோ வாசலிலும் நூற்றுக்கணக்கானவர்கள் காத்துக் கிடந்தார்கள். அந்தத் தள்ளுமுள்ளு தாங்காமல்தான் ஸ்டுடியோக்கள் ஒன்றுசேர்ந்து 1925 டிசம்பரில் சென்ட்ரல் காஸ்டிங் என்ற பொது அலுவலகத்தைத் தொடங்கின. அதன் பிறகு எக்ஸ்ட்ராக்களின் வாழ்க்கை வாசலிலிருந்து தொலைபேசிக்கு மாறியது. தினமும் போன் போட்டு "வேலை இருக்கா?" என்று கேட்பது, பெரும்பாலும் "இல்லை" என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு வைப்பது.

பிரென்னன் இப்படிப் பத்து ஆண்டு ஓட்டினார். கூட்டத்தில் நிற்பது, குதிரையில் போவது, அடி வாங்கி விழுவது, எப்போதாவது ஒரு வரி வசனம். இவரைப் போலவே வேலை தேடி அலைந்துகொண்டிருந்த கேரி கூப்பர் நண்பரானது இந்தக் காலத்தில்தான். கூப்பர் சீக்கிரமே கதாநாயகனாகிவிட்டார். இவர் அதே இடத்தில் நின்றார்.

அவருக்கு நிஜமாவே பல் இல்லையா? இல்ல அதுவும் நடிப்பா?

நிஜமாகவே இல்லை. 1930களின் தொடக்கத்தில் ஒரு படப்பிடிப்பில் பட்ட அடியில் பெரும்பாலான பற்கள் போய்விட்டன. அதன் பிறகு பல்செட்தான். வேறு நடிகராக இருந்தால் தொழில் முடிந்தது என்று அழுதிருப்பார். இவருக்குத் தொழில் ஆரம்பித்ததே அங்கேதான் என்று சொல்லலாம். பல்செட் மாட்டினால் தன் வயதுக்காரர், கழற்றினால் எழுபது வயதுக் கிழவர். மேக்கப் அறைக்குப் போகாமலே ஒரே ஆளிடம் இரண்டு முகம்.

இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் பின்னாளில் அடிக்கடி சொன்ன கதை ஒன்று உண்டு. 1935ல் 'பார்பரி கோஸ்ட்' படத்துக்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்தபோது பிரென்னன் வந்து நின்றார். வசனத்தைப் படிக்கச் சொன்னதும், "இருந்தா, இல்லாமலா?" என்று கேட்டாராம். "எது?" என்று ஹாக்ஸ் கேட்க, "பல்லுதான்" என்றாராம். சில நாள் வேலைக்கு எடுத்தவரை வாரக்கணக்கில் வைத்துக்கொண்டதாகவும் ஹாக்ஸ் சொல்வார். ஹாக்ஸ் கதை சொன்னால் கொஞ்சம் மசாலா சேரும் என்பது ஊரறிந்தது. ஆனாலும் அந்தப் படத்தில் 'ஓல்ட் அட்ராசிட்டி' என்ற பட்டப்பெயரோடு துறைமுகத்தில் திரியும் கிழவராக அவர் வருவதைப் பார்த்தால், கதை உண்மைக்கு வெகு தூரத்தில் இல்லை என்றுதான் படுகிறது.

அந்தக் கீச்சுக் குரல்?

போரில் விஷவாயு பட்டுத் தொண்டை கெட்டதால் அப்படி ஆனது என்று சொல்வார்கள். காரணம் எதுவானாலும், பேசும்படம் வந்தபோது அந்தக் குரல் அவருக்குச் சொத்தாகிவிட்டது. கணீர்க் குரல்காரர்கள் ஹாலிவுட்டில் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினாலும் ஆள் இன்னார் என்று தெரிய வைக்கும் குரல் அபூர்வம்.

திருப்புமுனைன்னா எந்தப் படம்?

ஒரே படம் என்று சொல்ல மாட்டேன், 1935 என்ற வருடத்தைச் சொல்வேன். அந்த ஆண்டு சாமுவேல் கோல்ட்வின் தயாரித்த 'தி வெட்டிங் நைட்' படத்தில் வாடகை வண்டி ஓட்டுபவராகச் சின்ன வேடம். புகையிலையை மென்று துப்பிக்கொண்டே பேசி, வந்த காட்சிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கோல்ட்வின் ஒப்பந்தம் போட்டார். பிறகு மேலே சொன்ன 'பார்பரி கோஸ்ட்'.

அதே 1935ல் வந்த 'பிரைடு ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்திலும் அவர் இருக்கிறார், கிராமத்து ஆள்களில் ஒருவராக, பெயர்கூடப் போடாமல். அடுத்த ஆண்டு ஆறு படம், எல்லாவற்றிலும் சொல்லிக்கொள்ளும்படியான வேடம், கடைசியில் ஆஸ்கர். அப்போது அவருக்கு வயது 42.

ஒப்பந்தம்னா என்ன? மாசச் சம்பளமா?

வாரச் சம்பளம். ஸ்டுடியோ முறை உச்சத்தில் இருந்த காலம் அது. நடிகர் பல ஆண்டுக்குக் கையெழுத்துப் போடுவார். குறிப்பிட்ட இடைவெளியில் அவரைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதா, கழற்றிவிடுவதா என்று முடிவு செய்யும் உரிமை ஸ்டுடியோவுக்கு மட்டும்தான். நடிகர் நினைத்தால் விலக முடியாது. வேறு கம்பெனி கேட்டால் இரவல் கொடுப்பார்கள். இரவல் தொகை எவ்வளவு அதிகமாக இருந்தாலும் நடிகருக்கு அவருடைய வழக்கமான சம்பளம்தான்.

கதாநாயகர்களுக்கு இந்த முறை விலங்கு மாதிரி இருந்தது, பலர் சண்டை போட்டார்கள். குணச்சித்திர நடிகர்களுக்கு அப்படியில்லை. நாள் கூலிக்கு அலைந்தவருக்கு வாரச் சம்பளம் என்பது வரம். கோல்ட்வின் வருடத்துக்குச் சில படங்கள்தான் எடுப்பார் என்பதால் பிரென்னனை அடிக்கடி இரவல் கொடுத்தார். அவருக்கு இரண்டாவது ஆஸ்கர் வாங்கித் தந்த 'கென்டக்கி' அப்படிப் போய் நடித்த ஃபாக்ஸ் கம்பெனிப் படம்.

மூணு ஆஸ்கர் எந்தெந்தப் படத்துக்கு?

1936ல் 'கம் அண்ட் கெட் இட்', 1938ல் 'கென்டக்கி', 1940ல் 'தி வெஸ்டர்னர்'. முதலாவதில் ஸ்வீடனிலிருந்து வந்து மரம் வெட்டும் ஸ்வான் போஸ்ட்ரோம். இரண்டாவதில் குதிரை வளர்க்கும் கோபக்காரப் பெரியவர். மூன்றாவதில் டெக்சாஸில் தானே நீதிபதியாகத் தன்னை நியமித்துக்கொண்ட ராய் பீன்.

1941ல் வந்த 'சார்ஜென்ட் யார்க்' படத்துக்கும் பரிந்துரை இருந்தது. புதர் மாதிரி கறுத்த புருவத்தோடு ஊர்ப் பாதிரியாராக வருவார். அந்த முறை விருது டொனால்ட் கிறிஸ்புக்குப் போனது.

துணை நடிகர் விருதே அவருக்காகத்தான் ஆரம்பிச்சாங்கன்னு சொல்றாங்களே?

அவருக்காக இல்லை. ஆனால் அந்த விருதை முதன்முதலில் வாங்கிய ஆண் அவர்தான். 1937 மார்ச் 4 அன்று பில்ட்மோர் ஹோட்டலில் நடந்த விழாவில் அது வழங்கப்பட்டது. பெண்கள் பிரிவில் அன்று வாங்கியவர் கேல் சாண்டர்கார்ட்.

அதற்கு முந்தைய ஆண்டு 'மியூட்டினி ஆன் தி பவுண்டி' என்ற ஒரே படத்திலிருந்து கிளார்க் கேபிள், சார்லஸ் லாட்டன், ஃபிராங்கோட் டோன் மூவரும் சிறந்த நடிகர் பிரிவில் போட்டியிட்டார்கள். விருது மூவருக்கும் கிடைக்காமல் விக்டர் மெக்லாக்லனுக்குப் போனது. நாயகனும் துணைப் பாத்திரமும் ஒரே வரிசையில் நின்றால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் புரிந்தது. புதிய பிரிவு பிறந்ததற்கு அதைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

அப்போ மூணு ஆஸ்கர் சிலை அவர் வீட்டுல இருந்திருக்கும், இல்லையா?

இது கொஞ்சம் வில்லங்கமான கேள்வி. ஆரம்ப ஆண்டுகளில் துணை நடிகர்களுக்கு முழுச் சிலை கொடுக்கவில்லை, கேடயம்தான். 1943ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதிலிருந்துதான் அவர்களுக்கும் முழுச் சிலை. பிரென்னனின் மூன்று வெற்றியும் அதற்கு முந்தியவை. ஆக, விழா மேடையில் மூன்று முறையும் அவர் கைக்கு வந்தது கேடயம்.

எக்ஸ்ட்ராக்கள் ஓட்டுப் போட்டுத்தான் ஜெயிச்சார்னு ஒரு பேச்சு இருக்கே, உண்மையா?

பேச்சு அன்றைக்கே இருந்தது, அடிப்படையும் உண்டு. 1930களின் பிற்பகுதியிலிருந்து சில ஆண்டுகள் ஆஸ்கரின் இறுதி வாக்கெடுப்பில் எக்ஸ்ட்ராக்களும் கலந்துகொண்டார்கள். அவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மற்ற நடிகர்கள், இயக்குநர்கள், எழுத்தாளர்கள் அவ்வளவு பேர் இல்லை. பிரென்னன் தங்களோடு பத்து ஆண்டு வரிசையில் நின்றவர் என்ற பாசம் அவர்களுக்கு இருந்ததில் ஆச்சரியமில்லை. பிற்பாடு ஆஸ்கர் வழங்கும் அகாதமி அந்த வாக்குரிமையை எடுத்துவிட்டது.

என் கருத்தைக் கேட்டால், 'கென்டக்கி' விருதுக்கு இந்தப் பேச்சை ஒப்புக்கொள்வேன். அந்த ஆண்டு 'ஃபோர் டாட்டர்ஸ்' படத்தில் அறிமுகமாகிக் கலக்கிய ஜான் கார்ஃபீல்ட் போட்டியில் இருந்தார். அவரை விட்டுவிட்டு, முகம் சிவக்கக் கத்திக்கொண்டே இருக்கும் ஒரு பெரியவர் வேடத்துக்குக் கொடுத்தது கொஞ்சம் அதிகம்தான். 'தி வெஸ்டர்னர்' விருதைப் பற்றி அப்படிப் பேசுபவர்கள் படத்தைப் பார்க்காமல் பேசுகிறார்கள்.

'தி வெஸ்டர்னர்'ல அப்படி என்ன பண்ணிட்டார்?

கதையில் ராய் பீன் ஒரு கொலைகாரன். மதுக்கடையையே நீதிமன்றமாக வைத்துக்கொண்டு, இஷ்டத்துக்கு ஆட்களைத் தூக்கில் போடுகிறவன். ஆனால் லில்லி லாங்ட்ரி என்ற ஆங்கில நாடக நடிகையின் பெயரைக் கேட்டால் உருகிவிடுவான். சுவரெல்லாம் அவள் படம். தூக்குக் கயிற்றிலிருந்து தப்ப, கேரி கூப்பர் தன்னிடம் லில்லியின் முடிக்கற்றை இருப்பதாகப் புளுகுகிறார். அதைக் கேட்டதும் பிரென்னனின் முகத்தைப் பாருங்கள். நம்புவதா வேண்டாமா என்ற சந்தேகம், பொறாமை, எப்படியாவது அதைப் பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு மூன்றும் அடுத்தடுத்து வந்து போகும். வில்லன் மேல் நமக்கு இரக்கம் வருவது அந்த இடத்தில்தான். ஆனால் அவன் கெட்டவன் என்பதும் மறந்துபோகாது.

கடைசியில் லில்லி நாடகம் போட வரும்போது, எல்லா டிக்கெட்டையும் தானே வாங்கிக்கொண்டு, பழைய ராணுவ உடுப்பில் காலி அரங்கத்தில் தனியாகப் போய் உட்காருவான். திரை விலகினால் மேடையில் நிற்பது துப்பாக்கியோடு கூப்பர். இந்தப் படத்தில் நாயகனுக்கு வேலையே இல்லை, கிழவனுக்குத்தான் படம் என்று கூப்பர் முதலில் நடிக்கவே தயங்கினார். கோல்ட்வின் ஒப்பந்தத்தைக் காட்டி நடிக்க வைத்தார். கூப்பர் பயந்தது நியாயம்தான். ஆனால் அவர் அமைதியாக விட்டுக்கொடுத்து நின்றதால்தான் பிரென்னனுக்கு அவ்வளவு இடம் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ராய் பீன் நிஜ ஆளா? படத்துல வர்ற மாதிரிதான் செத்தாரா?

நிஜ ஆள், ஆனால் அப்படிச் சாகவில்லை. 1903ல் டெக்சாஸில் தன் ஊரிலேயே நோயில் இறந்தார். ஊரின் பெயரும் லாங்ட்ரி. அந்த நடிகையை அவர் நேரில் பார்த்ததே இல்லை. அவர் இறந்து சில மாதம் கழித்து, 1904ல் லில்லி லாங்ட்ரி அந்த ஊருக்கு வந்தார். சினிமாக்காரர்கள் சேர்த்த துப்பாக்கிச் சண்டையைவிட நிஜமே சோகமாக இருக்கிறது.

எப்பவும் கிழவர் வேஷம்தானா? இளமையா நடிச்சதே இல்லையா?

வயதைக் கணக்குப் பார்த்தால் தலை சுற்றும். 'கென்டக்கி' கதை அமெரிக்க உள்நாட்டுப் போரில் தொடங்குகிறது. அதில் சிறுவனாக வரும் பாத்திரம் 1938ல் கிழவராகி நிற்கும்போது பிரென்னன் ஏற்கிறார். அதாவது எண்பதைத் தொட்ட ஆளாக நடித்தபோது அவருக்கு வயது 44. 'ரெட் ரிவர்' எடுத்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார், அவ்வளவுதான். 'ரியோ பிராவோ' வந்த 1959ல்தான் வேடத்தின் வயதும் அவர் வயதும் கிட்டத்தட்ட ஒன்றாயின.

தன் வயதுக்கேற்ற வேடங்களும் உண்டு. 1942ல் 'தி பிரைடு ஆஃப் தி யாங்கீஸ்' படத்தில் பல்செட்டோடு, கோட்டு சூட்டில், பேஸ்பால் வீரரின் நண்பரான பத்திரிகையாளராக வருவார். இவர்தானா அவர் என்று இரண்டு முறை பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரே மாதிரி காமெடிக் கிழவர்னு சொல்றவங்களுக்கு என்ன பதில்?

மூன்று படம் பார்க்கச் சொல்வேன். ஒன்று, பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் அமெரிக்காவில் எடுத்த முதல் படமான 'ஸ்வாம்ப் வாட்டர்', 1941. செய்யாத கொலைக்காக ஓடிப்போய் ஜார்ஜியாவின் ஒகிஃபினோகி சதுப்புக்காட்டில் பதுங்கி வாழ்கிறவராக வருகிறார். பல வருடம் மனிதர்களோடு பேசாத ஆள் எப்படிப் பேசுவான் என்பதை அதில் காட்டியிருப்பார். இரண்டு, ஃபிரிட்ஸ் லாங் 1943ல் எடுத்த 'ஹேங்மென் ஆல்ஸோ டை'. நாஜிகள் பிணைக்கைதியாகப் பிடித்துவைத்த செக் பேராசிரியர் வேடம். சின்ன மகனுக்குச் சொல்ல வேண்டியதைச் சிறையில் மகளிடம் சொல்லிப் பதிய வைக்கும் காட்சியில் கீச்சுக் குரலும் இல்லை, சேட்டையும் இல்லை. அதே ஆளா என்று தோன்றும்.

மூன்றாவது 'மை டார்லிங் கிளெமென்டைன்', 1946, ஜான் ஃபோர்டு படம். ஓல்ட் மேன் கிளாண்டன் என்ற கொடிய தகப்பன். ஊர்க் காவல் அதிகாரி வயட் ஏர்ப்பிடம் அவமானப்பட்ட தன் வளர்ந்த பிள்ளைகளைச் சாட்டையால் விளாசிவிட்டு, துப்பாக்கியை எடுத்தால் ஆளைக் கொல்லணும் என்று பாடம் சொல்வான். முன்னே சொன்ன பல், குரல், நடை எல்லாம் அவருடைய கருவிகள்தான். ஆனால் அவற்றைக் கீழே வைத்துவிட்டும் அவரால் நடிக்க முடிந்தது. இந்தப் படத்தில் அவர் சிரிக்கவே மாட்டார், வேகமாக அசையவும் மாட்டார். என்னைப் பொறுத்தவரை அவருடைய மிகச் சிறந்த நடிப்பு இது. இதற்கு விருதும் இல்லை, பரிந்துரையும் இல்லை.

கிளாண்டன் அந்த ஓ.கே. கொரால் சண்டையில செத்தது வரலாறா?

இல்லை. ஏர்ப் சகோதரர்களும் கிளாண்டன் கூட்டமும் துப்பாக்கியோடு மோதிக்கொண்ட அந்தச் சண்டை நடந்தது 1881 அக்டோபர் 26. நிஜக் கிளாண்டன் அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஆகஸ்டில், எல்லைப் பக்கம் நடந்த தாக்குதலில் இறந்துவிட்டார். ராய் பீன் விஷயத்தில் செய்ததையேதான் இங்கும் செய்திருக்கிறார்கள்.

ஜான் ஃபோர்டோட சண்டைன்னு சொல்றாங்க. அப்புறம் 'ஹவ் தி வெஸ்ட் வாஸ் வன்'ல ரெண்டு பேரும் இருக்காங்களே?

படப்பிடிப்பில் ஒத்துப்போகவில்லை. ஃபோர்டு நடிகர்களை எல்லோர் முன்பும் மட்டம் தட்டுவார், பிரென்னன் அதற்கு அடங்குகிற ஆள் இல்லை. 'கிளெமென்டைன்' படத்துக்குப் பிறகு அவர் ஃபோர்டிடம் நடிக்கவே இல்லை.

1962ல் வந்த 'ஹவ் தி வெஸ்ட் வாஸ் வன்' பல இயக்குநர்கள் பகுதி பகுதியாக எடுத்தது. ஃபோர்டு எடுத்தது உள்நாட்டுப் போர்ப் பகுதி. பிரென்னன் ஆற்றுக் கொள்ளையனாக வருவது ஹென்றி ஹாத்தவே எடுத்த பகுதியில். ஆக, ஒரே போஸ்டரில் இரண்டு பெயரும் இருக்கலாம், ஒரே செட்டில் நிற்கவில்லை.

ஹாக்ஸ் படத்துல மட்டும் ஏன் இவ்வளவு நல்லா இருக்கார்?

ஹாக்ஸுக்கு ஆறு படம் செய்தார்: 'பார்பரி கோஸ்ட்', 'கம் அண்ட் கெட் இட்', 'சார்ஜென்ட் யார்க்', 'டு ஹேவ் அண்ட் ஹேவ் நாட்', 'ரெட் ரிவர்', 'ரியோ பிராவோ'. இதில் 'கம் அண்ட் கெட் இட்' படத்தைப் பாதியில் கோல்ட்வினோடு முட்டிக்கொண்டு ஹாக்ஸ் விட்டுவிட, வில்லியம் வைலர் முடித்தார். ஹாக்ஸின் நாயகர்கள் மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லாதவர்கள். அவர்கள் சொல்லாததை யாராவது சொல்ல வேண்டும். அந்த வேலை பிரென்னனுக்கு. 'ரெட் ரிவர்' படத்தில் ஜான் வெய்ன் தவறு செய்யும்போது முகத்துக்கு நேரே "நீ செய்யுறது தப்பு" என்று சொல்லும் உரிமை சமையல் வண்டி ஓட்டும் குரூட்டுக்குத்தான் இருக்கிறது.

அதே படத்தில் குரூட் சூதாட்டத்தில் தன் பல்செட்டின் பாதிப் பங்கைக் குவோ என்ற பழங்குடி நண்பரிடம் தோற்றுவிடுவார். அதன் பிறகு பல்செட் குவோவின் பையில். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் குரூட் கையை நீட்டி வாங்கிக்கொள்வார். அந்தப் பெரிய மாட்டு மந்தைக் கதை முழுக்க இந்தச் சின்ன விளையாட்டு ஓடும்.

'டு ஹேவ் அண்ட் ஹேவ் நாட்' படத்தில் இவர் நடித்த குடிகார எட்டி, சந்திக்கிற ஆட்களையெல்லாம் "செத்த தேனீ எப்பவாவது உங்களைக் கொட்டியிருக்கா?" என்று கேட்பான். பெரும்பாலானவர்கள் லூசு என்று ஒதுக்குவார்கள். லாரன் பக்கால் மட்டும் பதிலுக்கு அதே கேள்வியைத் திருப்பிக் கேட்பார். அந்தப் பெண் நல்லவள் என்று எட்டிக்கும் தெரிந்துவிடும், ஹம்ப்ரி போகார்ட்டுக்கும் தெரிந்துவிடும், நமக்கும்தான்.

கால் நொண்டுறது நிஜமா?

நடிப்பு. 'ரியோ பிராவோ' ஸ்டம்பிக்கும் டிவி தாத்தா ஏமோஸ் மெக்காய்க்கும் நொண்டல் உண்டு, பிரென்னனுக்குக் கிடையாது. ஸ்டம்பியின் நொண்டலில் கோபம் இருக்கும். தன்னை வெளியே விடாமல் உள்ளேயே வைத்திருக்கிறார்கள் என்ற கோபம். ஜான் வெய்ன் திடீரென்று அவர் மண்டையில் முத்தம் கொடுக்க, இவர் துடைப்பத்தால் ஒன்று போடுவாரே, அந்த அடியில் அந்தக் கோபமும் பாசமும் சேர்ந்தே இருக்கும்.

டிவிக்குப் போனது வாய்ப்பு இல்லாமலா?

இல்லை. 1957ல் 'தி ரியல் மெக்காய்ஸ்' தொடங்கியபோதும் அவருக்குப் படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. மேற்கு வர்ஜீனியா மலையிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிவந்த ஏழை விவசாயக் குடும்பத்தின் தாத்தா வேடம். 1963 வரை 224 பகுதிகள் ஓடியது. பெரும்பாலான அமெரிக்கர்களுக்கு அவர் பெயர் வீட்டுப் பெயரானது அதில்தான். பிறகு 1967 முதல் 1969 வரை 'தி கன்ஸ் ஆஃப் வில் சானட்'.

இந்தக் கட்டத்தைப் பற்றி எனக்குப் பெரிய உற்சாகம் இல்லை. வாரா வாரம் ஒரே தாத்தா, ஒரே நடை. பிழைப்பு நன்றாக நடந்தது, அவ்வளவுதான். இடையில் 1962ல் 'ஓல்ட் ரிவர்ஸ்' என்று ஒரு இசைத்தட்டு போட்டார். அதில் அவர் பாடவில்லை, ஒரு ஏழை உழவனின் கதையைப் பேசுகிறார். அது அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 5ஆம் இடம் வரை போனது. அப்போது அவருக்கு 67 வயது.

அரசியல்ல மோசமான ஆள்னு கேள்விப்பட்டேன். உண்மையா?

தீவிர வலதுசாரி. கம்யூனிச எதிர்ப்புக்காக ஹாலிவுட்டில் 1944ல் அமைந்த சங்கத்தில் இருந்தார். 1964 அதிபர் தேர்தலில் பாரி கோல்ட்வாட்டரை ஆதரித்தார். 1972ல் நிக்சனே போதவில்லை என்று அவருக்கும் வலப்பக்கம் நின்ற ஜான் ஷ்மிட்ஸை ஆதரித்தார். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைக் கம்யூனிஸ்டுகள் ஆட்டுவிக்கிறார்கள் என்று நம்பினார், வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார்.

திரையில் அன்பான தாத்தாவாகப் பார்த்தவர்களுக்கு இது கசக்கும். கசக்கட்டும். "அந்தக் காலம் அப்படி" என்று நான் பூசி மெழுகத் தயாரில்லை. அதே காலத்தில் அதே ஊரில் வேறு மாதிரி நினைத்தவர்களும் இருந்தார்கள். அதற்காகக் கிளாண்டன் வேடத்தின் தரம் குறைந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன்.

எந்தப் படத்துல இருந்து ஆரம்பிக்கலாம்?

'ரியோ பிராவோ'. அலுப்பே தட்டாது. அடுத்து 'ரெட் ரிவர்', பிறகு 'தி வெஸ்டர்னர்'. இவை பிடித்தால் 'கிளெமென்டைன்'. அதை முதலில் பார்த்துவிட்டால் மற்ற படங்களில் அவரைப் பார்த்துச் சிரிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். காசு செலவில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் 1941ல் ஃபிராங்க் காப்ரா எடுத்த 'மீட் ஜான் டோ'. அமெரிக்காவில் அதன் காப்புரிமை காலாவதியாகிவிட்டது. கையில் காசு வந்தால் எப்படியெல்லாம் ஆட்கள் வந்து மொய்ப்பார்கள் என்று நாடோடி 'கர்னலாக' அவர் மூச்சு விடாமல் பேசும் காட்சி அதில்தான்.

மொத்தம் எத்தனை படம்?

இருநூறுக்கு மேல். துல்லியமான எண்ணை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மேலே சொன்ன எக்ஸ்ட்ரா ஆண்டுகளில் பெயர் போடாத படங்கள் ஏராளம். பட்டியலுக்குப் பட்டியல் எண்ணிக்கை மாறும்.

தேடிப் பார்க்கப் பிடிக்குமென்றால் இரண்டு இடம் சொல்கிறேன். 1934ல் த்ரீ ஸ்டூஜஸ் என்ற நகைச்சுவை மூவர் நடித்த 'உமன் ஹேட்டர்ஸ்' குறும்படத்தில் ரயில் கண்டக்டர். 1933ல் வந்த 'தி இன்விசிபிள் மேன்' படத்தில் தெருவில் கண்ணுக்குத் தெரியாத மனிதனிடம் சைக்கிளைப் பறிகொடுப்பவர். கண் இமைத்தால் போய்விடும், குரலைக் காதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.